ஐம்பத்தோராவது வாக்கு

ஊர்வலத்தில் மிட்டாய் எறிவதற்கு ஒரு கைவாகு வேண்டும். வேகமாக வீசினால் ஏதாவது ஒரு குழந்தையின் நெற்றியில் போய்ப் படும். அந்த வீட்டில் நான்கு ஓட்டு போச்சு. மெதுவாகப் போட்டால் பின்னால் வருகிற டிராக்டருக்கு முன்னால் விழும். குழந்தை குனிந்து எடுக்க ஓடிவரும். அது இன்னும் வம்பு. மணிக்கட்டை மட்டும் அசைத்து, கோழிக்குத் தீனி இறைப்பதுபோல் எறிய வேண்டும். மில்பர்ன் வட்டாரத்தின் சோளத் திருவிழாவில் இருபத்திரண்டு ஆண்டுகள் நான் அப்படித்தான் எறிந்தேன். பதினொரு தேர்தல்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

பேரவையின் நூற்றாண்டு மலருக்காக, முன்னாள் உறுப்பினர்கள் தங்கள் பொதுவாழ்வைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பும்படி பேரவைச் செயலரான நீங்கள் கடிதம் போட்டிருந்தீர்கள். எனக்கு வயது எண்பத்து நான்கு. பக்கம் கொஞ்சம் கூடிப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா.

கிராமத்து உறுப்பினர் என்றால் பெரிய சட்ட மேதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பால் கறந்துகொண்டிருக்கும்போது தொலைபேசி அடிக்கும். எங்கள் வீட்டு முன்னால் சரளைக்கல் கொட்டவில்லை என்பார் ஒருவர். பக்கத்துப் பண்ணைக்காரன் நாயை அவிழ்த்துவிடுகிறான் என்பார் இன்னொருவர். எல்லாவற்றுக்கும் "பாத்துக்கிறேன்" என்று சொல்ல வேண்டும், அதில் பாதியையாவது பார்க்கவும் வேண்டும். சாவு வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனால் எல்லாக் கிழவிகளின் உருளைக்கிழங்குப் பதார்த்தத்திலும் ஒரு கரண்டி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அது அடுத்த தேர்தல்வரை பேச்சாக ஓடும். நான் ஒருநாளும் விட்டதில்லை.

குளிர்காலத்தில் பேரவை கூடும். என் ஊரிலிருந்து தலைநகர் ஐந்து மணி நேரப் பயணம். அதனால் நானும் பக்கத்துத் தொகுதி எமில் கோவரிக்கும் சாலையோர விடுதி ஒன்றில் ஓர் அறையை எடுத்துச் சேர்ந்து தங்குவோம். பதினாறு ஆண்டுகள் ஒரே அறை. பேரவையிலும் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து இருக்கை. எமில் சோளம் போடுகிறவன், நான் மாடு வளர்க்கிறவன், இருவருக்கும் வாய் கொஞ்சம் நீளம். நல்ல பொருத்தம் என்று எல்லாரும் சொல்வார்கள்.

உங்கள் காலத்தில் எப்படியோ தெரியாது. எங்கள் காலத்தில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு என்று இரண்டு பொத்தான்கள், பெட்டிக்கு ஒரு சாவி. வெளியே போகிறவர் சாவியைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டு, எந்த மசோதாவுக்கு எந்த நிறம் என்று சொல்லிவிட்டுப் போவார். விதிப்புத்தகத்தில் இது கூடாது என்றுதான் இருந்தது. விதிப்புத்தகம் போட்டவர்களே அப்படித்தான் செய்தார்கள். எமில் முடிவெட்டப் போயிருந்த ஒரு மதியம் அவனுக்காக ஒன்பது மசோதாக்களில் வாக்களித்தேன். திரும்பி வந்து, கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்டிக்கொண்டே, "எனக்கு என்ன கலருடா போட்டே?" என்று கேட்டான். நான் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான். சரிபார்க்கவே இல்லை. நானும் அவன் சொன்ன நிறத்தை மாற்றியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் ஆண்டு எங்கள் பக்கம் மிகவும் மோசமான ஆண்டு. மில்பர்னில் டிராக்டர் கடை மூடியாயிற்று, சினிமாக் கொட்டகை மூடியாயிற்று, கடைத்தெருவில் பாதி சன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டார்கள். என்னிடம் மிட்டாய் வாங்கித் தின்ற பிள்ளைகள் எல்லாரும் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மாநிலத்தின் புதிய சிறையை மில்பர்னில் கட்டுவது என்று நான் கொண்டுவந்த மசோதா ஒன்றுதான் ஊருக்கு மிச்சமிருந்த வழி. அது தோற்றால் ஊரும் போகும், என் இருக்கையும் போகும். அவையில் நூறு பேர். எத்தனை பேர் வந்தாலும் வராவிட்டாலும் ஐம்பத்தொரு வாக்கு வேண்டும். எண்ணிப் பார்த்தேன், சரியாக ஐம்பத்தொன்று இருந்தது.

மார்ச் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை காலை. எமில் சர்க்கரை நோயாளி. ஏழு மணிக்கு இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். அரைமணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட வேண்டும். அவன் மனைவி லோரீன் கொடுத்தனுப்பியிருந்த பழரொட்டிப் பெட்டியைத் திறந்தான், ஒன்றும் எடுக்காமல் மூடினான்.

"ஆர்லன், கோவிச்சுக்காதே. இன்னிக்கு நான் சிவப்புதான்" என்றான்.

"வெளையாடாதே. ஐம்பத்தொண்ணுல நீயும் ஒருத்தன்டா."

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுச் சாப்பாட்டுல எங்க ஆளுங்க என்னைப் பிச்சு எடுத்துட்டாங்கப்பா. எங்க பள்ளிக்கூடத்துக்கு வர்ற நிதியைத் திருப்பித்தான் உன் சிறையைக் கட்டுறாங்களாம். உக்காந்து படிச்சுப் பாத்தேன், நெசந்தான். நேத்து போன்ல லோரீன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அப்போ எனக்குச் சொன்ன சொல்லு?"

"ஓட்டு கேட்டப்போ அவங்களுக்குச் சொன்னது அதுக்கும் முந்தியாச்சே."

ஒரு மணி நேரம் கெஞ்சினேன், திட்டினேன், பழைய கதையெல்லாம் எடுத்தேன். எமில் அசையவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் மரியாதையும் இருந்தது. பேச்சு மும்முரத்தில் அவன் சாப்பிட மறந்துவிட்டான்.

எட்டேகாலுக்கு அவன் நெற்றி வியர்த்தது, நாக்கு குழறியது. சர்க்கரை இறங்கும்போது அவனுக்கு எப்படியெல்லாம் ஆகும் என்று லோரீனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை கால்சட்டையின் ஒரே காலுக்குள் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு பேரவைக்குக் கிளம்பினான். அதைச் சொல்லி இருவரும் ஒரு வாரம் சிரித்தோம். அப்போதெல்லாம் திட்டிக்கொண்டே ஒரு கோப்பை ஆரஞ்சுச் சாறு ஊற்றிக் கொடுப்பேன். பத்து நிமிடத்தில் ஆள் பழையபடி வம்பளக்கத் தொடங்கிவிடுவான்.

அன்றும் ஊற்றினேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எமில் தேறி எழுந்து வந்தால் ஐம்பதுக்கு ஐம்பது, மசோதா விழும். மருத்துவரைக் கூப்பிட்டு அவனை மருத்துவமனையில் சேர்த்தால் அவன் வாக்கே இல்லை, ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது, அப்போதும் விழும். நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அவனே சட்டைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்து நீட்டினான். "நீ போ... நேரமாச்சு. எனக்குச் சிவப்பு. சரியா? அந்த ஜூஸக் குடுத்துட்டுப் போப்பா" என்றான்.

"சரிப்பா" என்றேன்.

ஊற்றியதைக் கொட்டுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை, அதனால் நானே குடித்தேன். பாட்டிலையும் பழரொட்டிப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டேன். எமில் கையை நீட்டியபடியே கட்டிலில் சாய்ந்தான். அவன் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, போர்வையை இழுத்து மூடினேன். தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற அட்டையை வெளியே கைப்பிடியில் மாட்டினேன். இல்லாவிட்டால் ஒன்பதரைக்கெல்லாம் துப்புரவுப் பெண் வந்து கதவைத் திறந்துவிடுவாள்.

பதினொன்று பத்துக்கு வாக்கெடுப்பு. இடது கையால் எனக்குப் பச்சை, வலது கையால் எமிலுக்குப் பச்சை. ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்பது. பலகையில் விளக்குகள் எரிந்ததும் முதுகில் தட்டினார்கள், கைகுலுக்கினார்கள். பழரொட்டிப் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் கொடுத்தேன். லோரீனின் கைப்பக்குவமே தனி என்று முன்வரிசைக்காரர் சொன்னார். மதியம் ஆளுநர் மாளிகையில் விருந்து. செர்ரிப் பழ அடை இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

நான்கு மணிக்கு அறைக்குப் போனேன். பார்த்தவுடன் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டேன், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. கடைசியாக அவரை எப்போது பார்த்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். பதினொன்று பத்துக்கு வாக்களித்தாரே, பதிவேட்டில் இருக்கிறதே என்றேன். அவரும் மதியத்துக்குப் பிறகு மரணம் என்று எழுதிக்கொண்டார். அவையில் எமிலைப் பார்த்ததாக இரண்டு உறுப்பினர்கள் சொன்னார்கள். ஒருவர் கைகொடுத்துப் பேசியதாகவே சொன்னார். அவர் பொய்யர் இல்லை, எமில் எப்போதும் அங்கே இருப்பான் என்று பழகிப்போன மனிதர்.

அடக்கத்தன்று தேவாலயத்தில் பாதி பெஞ்சுகள் காலி. அவன் தொகுதிக்காரர்கள் செய்தித்தாளில் பச்சை போட்டவர்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்திருந்தார்கள். எமில் ஊரை விற்றுவிட்டான் என்று பேச்சு. லோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிவப்புன்னுதானே அண்ணே போன்ல சொன்னாரு? ஏன் இப்படிப் பண்ணாரு?"

"எனக்காகம்மா. கடைசி நேரத்துல மனசு எறங்கிட்டான்."

அவள் அதை நம்பி அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. இன்றைக்கும் சோள விதைப்பு நாளில் அவன் ஞாபகம் வருகிறது.

சிறை வந்தது, மில்பர்ன் பிழைத்தது. வாசல் கல்லில் என் பெயர் இருக்கிறது. எமில் ஊர்ப் பள்ளியை இரண்டு ஆண்டில் மூடிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே படித்த பிள்ளைகளில் பலருக்குச் சிறையில் காவலர் வேலை கிடைத்தது. எமிலின் மகனுக்கு நானே சிபாரிசுக் கடிதம் எழுதினேன். நல்ல பையன், போன வருடம்தான் ஓய்வு பெற்றான்.

இந்த வசந்தத்தில் லோரீனும் போய்விட்டாள். அடக்கம் முடிந்து காப்பிக்கு வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு பெண், "புருஷன் ஊரை வித்தவன். பாவம், இவ என்ன பண்ணுவா" என்றாள். இருபத்து நான்கு வருடம் கழித்தும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அன்று எனக்குக் காப்பி இறங்கவில்லை. என் நண்பனுக்கு அநியாயம் செய்துவிட்டேன் என்று முதன்முறையாக உறைத்தது.

ஆகவே, அம்மா, ஒரு வேண்டுகோள். அன்றைய பதிவேட்டில் எமில் கோவரிக்கின் பெயரைப் பச்சைப் பட்டியலிலிருந்து எடுத்துச் சிவப்பில் சேர்த்துவிடுங்கள். மொத்த எண்ணிக்கையைத் தொட வேண்டாம், கட்டி முடித்த சிறையை இனி இடிக்கவா முடியும். ஓர் உறுப்பினர் நம்பிச் சாவியைக் கொடுத்த பிறகு வேறு நிறத்தை அழுத்துவது பேரவையின் மரபுக்கு இழுக்கு. அந்தத் தவறை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு பொத்தானைத் தவிர, எமில் என்னிடம் கேட்ட எதையும் நான் செய்யாமல் விட்டதில்லை.