பழைய விளக்கும் புதிய ஜெல்லும்

கலைந்த தலைகளுக்கெல்லாம் கணக்கில்லாமல் சீப்புப் போட்டு, இன்று கலையாத கொண்டையோடு தலைமை தாங்கும் அழகுக்கலைத் தொழிலாளர் சங்கத் தலைவி அவர்களே! பக்கத்தில் மணியோடு அமர்ந்து, இந்தப் பெண் எப்போது நீட்டி முழக்குவாள், எப்போது தட்டலாம் என்று காத்திருக்கும் செயலாளர் அவர்களே! கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு வந்திருக்கும் முடிதிருத்தும் பெரியோர்களே! ஊரார் புருவத்தையெல்லாம் வில்லாக வளைத்தும், தாம் யாருக்கும் வளையாத தாய்மார்களே! கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து இப்போதே கண் சொக்கும் என் இனமே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அழைப்பிதழில் என் அம்மாவின் பேச்சு என்று அச்சாகியிருக்கிறது. வந்து நிற்பது மகள். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "நகத்தைப் பத்தின்னா நாள் முழுக்கப் பேசுவேன்டி. என் கையைப் பத்திப் பேச வாய் வராது. நீதான் வாயாடி, நீ போ."

"எல்லாத்தையும் சொல்லட்டுமா?"

"சொல்லு. கிண்டல் மட்டும் பண்ணாத."

முதல் பாதிக்குக் கட்டுப்பட்டேன். இரண்டாம் பாதி எனக்குக் கேட்கவில்லை!

சபையோரே, ஜெல் நகம் என்றால் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேவைப்படுவது உங்களோடு வந்து, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கைக்கடிகாரம் பார்க்கும் கணவன்மாருக்கு. ஐயா, நகத்தில் ஒரு பசையைப் பூசுவார்கள். விளக்குப் பெட்டிக்குள் விரலை நுழைத்தால் அந்த ஒளியில் பசை இறுகும். இறுகினால் அழகு. இறுகாமல் தோலில் பட்டால்? அங்கேதான் என் கதை தொடங்குகிறது.

ஒன்பது வருடம் அம்மா நக அழகுக் கடையில் அந்தப் பசையோடு பழகினாள். பத்தாம் வருடம் விரல் நுனி வெடித்தது. முதலில் அரிப்பு, பிறகு எரிப்பு, பிறகு சட்டைப் பொத்தானைப் போடவே தவிப்பு.

"என்னம்மா இது?"

"கொசு கடிச்சிருக்கும்."

"பத்து விரலையும் வரிசை தப்பாம கடிக்க, அது கொசுவா, கணக்கு டீச்சரா?"

சிரிக்கிறீர்கள். அன்று அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையை மேசைக்குக் கீழே இறக்கினாள். அந்த இறக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, சபையோரே.

தோல் டாக்டரம்மா பார்த்தார். "பசையால வந்த ஒவ்வாமை மாதிரி இருக்கு. எந்தச் சரக்குன்னு தெரிய டெஸ்ட் எடுக்கணும். இது ஒரு தடவை வந்தா ஆயுசுக்கும் போகாது" என்றார். டெஸ்டுக்கு ஒரு வாரம் கடைக்குப் போகக் கூடாது. அம்மா என்ன செய்தாள்? டெஸ்டைத் தள்ளிப் போட்டாள், ஜெல்லை மாற்றிப் போட்டாள். அட்டைப் பெட்டியில் "மென்மையானது" என்று போட்டிருந்த புது செட். அடிப்பூச்சு புதிது, நிறம் புதிது, மேல்பூச்சு புதிது. பழைய புட்டிகளைப் பை கட்டி வெளியேற்றினாள். வீட்டில் ஒரு விடுதலை விழா!

இரண்டு வாரம் விரல் ஆறியது. நான் தினமும் காலையில், அம்மா தூங்கும்போதே, போர்வையை விலக்கி விரலை எண்ணிப் பார்ப்பேன். பத்தும் அமைதி. மூன்றாம் வாரம் எழுந்தாள். இமை இரண்டும் வீங்கியிருந்தன. விரல் மறுபடி சிவந்தது.

புது ஜெல்லும் ஒத்துக்கொள்ளவில்லையா? இதுவும் போனால் இனி எதைத் தொடுவாள்? வேறு எந்த வேலை தெரியும் அவளுக்கு? என்னைப் பெற்றதைத் தவிர அவள் செய்த பெரிய தவறு ஏதும் இல்லையே!

என்னது? "அதுவே போதும்" என்கிறாரா அந்த அக்கா? நன்றி அக்கா. வீடு எங்கே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள், அழைப்பு மணியை அழுத்திவிட்டு ஓடுகிற பழக்கம் எனக்கு உண்டு.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த வாரம் அம்மா முகத்தில் சிரிப்பே இல்லை. சிரிக்க வைக்க நினைத்து, அவள் விளக்குப் பெட்டியின் உள்விளிம்பில் ஊதாநிற மினுக்குப் பொடியைத் தடவி வைத்தேன். கையுறை மினுங்கும், கத்துவாள், நான் ஓடுவேன். அவ்வளவுதான் திட்டம்.

சாயங்காலம் கடைக்கே போய்ப் பார்த்தேன். அம்மா கத்தவில்லை, கவனிக்கவே இல்லை. நான்தான் கவனித்தேன். கையுறையில் மினுக்கு. அந்தக் கையுறையால் திறந்த மேசை இழுப்பறையில் மினுக்கு. கைபேசியில் மினுக்கு. மூக்குக் கண்ணாடிக் காம்பில் மினுக்கு. மதியச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் மினுக்கு. கடைசியாக, வீங்கிய இமையின் ஓரத்தில், சின்னதாக, ஊதாவாக, ஒரு மினுக்கு.

என் சிரிப்பு நின்றுவிட்டது. மினுக்கு போன வழியெல்லாம் பசையும் போயிருக்குமே! கண்ணுக்குத் தெரிந்த பொடியே கண்வரை வந்தால், கண்ணுக்குத் தெரியாத பசை எங்கெங்கே வந்திருக்கும்?

மறுநாள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். உட்சுவரில் பிசுபிசுப்பு. டாக்டரம்மா கேட்டார்: "இந்த விளக்கு புது செட்டோட வந்ததா?"

"இல்ல டாக்டர், பழசுதான். நல்லாத்தானே எரியுது. வெளிச்சம் எல்லாம் வெளிச்சம்தானே?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "ஒவ்வொரு ஜெல்லுக்கும் அதுக்குன்னு ஒரு விளக்கும்மா. வேற விளக்குல வச்சா மேல இறுகும், உள்ள பச்சையாவே இருக்கும். அந்தப் பச்சைப் பசையைத்தான் நீங்க அரத்தால ராவி ராவித் தூளா கையில வாங்கியிருக்கீங்க. போதாக்குறைக்குப் பழைய பசையும் இதுக்குள்ளயே ஒட்டியிருக்கு."

புட்டியை மாற்றினாள், பூச்சை மாற்றினாள், விளக்கை மாற்றவில்லை! விற்றவர் விளக்கைப் பற்றி விளக்கவில்லை. கேட்க வேண்டியவள் கேட்கவில்லை. ஏன்? கையில் புண் என்று சொல்ல வெட்கம்! சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்ற பயம்!

இன்று என்ன நிலை? தள்ளிப் போட்ட அந்த டெஸ்டுக்காக அம்மாவின் முதுகில் பேனாவால் கட்டம் போட்டிருக்கிறார்கள். கட்டத்துக்கு ஒரு சரக்கு, டாக்டரம்மா கையால் அளவோடு ஒட்டியது. வீட்டில் யாரும் தாங்களே தடவிப் பார்க்காதீர்கள், அதனாலேயே புது ஒவ்வாமை வருமாம். ஐந்து நாளைக்கு முதுகில் தண்ணீர் படக் கூடாது. மூன்றாம் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த வாசனை மருத்துவக் காரணங்களால்!

நேற்று ஒட்டுகளை எடுத்தார்கள். பழைய சரக்கின் கட்டம் செக்கச்சிவப்பு. புதிய ஜெல்லின் கட்டம் அமைதி. "சந்தோஷப்படாதீங்க, சிலது மெதுவா எழும்பும். நாளைக் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா. அந்த நாள் நாளைக் காலை பத்து மணி. அமைதியாகவே இருந்தால், புது விளக்கு, ஆளுக்கு ஆள் புதுக் கையுறை, தோலில் படாமல் பூச்சு என்று அம்மா தொழிலில் நீடிக்கலாம். சிவந்தால், பத்து வருடக் கைத்திறனை மூட்டை கட்ட வேண்டியதுதான். இன்று காலைகூட நான்தான் முதுகைப் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். லேசாகச் சிவந்தது போல இருந்தது. நான் கூர்ந்து பார்த்ததாலா, நிஜமாகவே சிவந்ததா? அவளிடம் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன், அவளும் கேட்கிறாள். மன்னிச்சிரும்மா.

மணியைத் தொடுகிறார் செயலாளர். ஒரே ஒரு கேள்வி ஐயா!

அழகு செய்கிற கைகளே, உங்களில் எத்தனை பேர் விரலை மடக்கி உட்கார்ந்திருக்கிறீர்கள்? எத்தனை பேர் "சோப்பு சேரல" என்று வீட்டில் சொன்னீர்கள்? எத்தனை பேர் ஜெல்லை மாற்றிவிட்டு விளக்கை மறந்தீர்கள்? தோல் வெடித்தால் மறைக்கலாம், மறைத்தால் மறையுமா? இருக்கிறது என்றால் கையைத் தூக்குங்கள்! யாரும் ஓடிப் போகமாட்டோம், கதவைச் செயலாளர் பார்த்துக்கொள்வார்!

...மூன்றாம் வரிசையில் ஒரு கை. அது என் அம்மா. வேறு யாரும் இல்லையா? இல்லையா? ...அதோ, முடிதிருத்தும் பெரியவர் ஒருவர்! சாயம் போடுகிற கையா ஐயா? அதோ இரண்டு அக்கா! சுவரோரம் இன்னும் ஒன்று! தலைவி அவர்களே... நீங்களுமா?

இறக்காதீர்கள். ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த விளக்கு, எந்தப் பசை, எந்த டாக்டர் என்று இன்றே பேசிக்கொள்ளுங்கள். நாளை பத்து மணிக்கு எங்களுக்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் டாக்டரம்மாவின் அறை வாசலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை என்பது இப்போது தெரிகிறது.

பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கும், உயர்ந்து நிற்கும் விரல்களுக்கும் நன்றி. கை கூப்பினால் அம்மாவுக்கு வெடிப்பில் எரியும். ஆகவே அவள் வணக்கத்தையும் என் கையிலேயே சேர்த்து வைத்து உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.