படுத்திருப்பவருக்குத் தண்ணீர்

எதையும் பொறுமையாக விளக்குபவன் என்று ஸ்டேஷனில் எனக்குப் பெயர். புதுக் காவலர்களுக்கு விலங்கு மாட்டச் சொல்லித்தரும்போதுகூட, மணிக்கட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடம் விடச் சொல்வேன். காயம் இருந்தால் கேள்வி வரும். கேள்வி கேட்பவர்களைக் கண்டு எனக்குப் பயமில்லை. சோம்பேறிகள். வாசலிலேயே ஒரு பதில் கிடைத்துவிட்டால் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

பூட்டு ரிப்பேர் செய்யும் அந்த ஆளை ஒரு வீட்டுத் திருட்டுக்காகக் கூட்டிவந்தோம். பூட்டு உடையாமல் திறந்திருந்தது; அவர் மேல் இருந்த சந்தேகம் அவ்வளவுதான்.

"நான் செய்யல சார். சாயங்காலம் வரைக்கும் கேட்டாலும் இதேதான் சொல்லுவேன்" என்றார். முறைத்துச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். அதுதான் என்னை உறுத்தியது. சாயங்காலத்துக்குள் அவர் இறந்துபோனார்.

அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டீர்கள், சொல்கிறேன். முதலில், பொய் சொல்லக் கூடாது. பொய்யென்றால் ஆளாளுக்கு அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அவ்வளவு மூளை கிடையாது. நடந்த உண்மைகளில் நமக்கு ஏற்றதைப் பொறுக்கி முன்னால் நிறுத்த வேண்டும். விலா எலும்புகள் முறிந்திருந்தன. மூச்சு நின்றவரின் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தாலும் விலா முறியும். எந்த டாக்டரும் ஒப்புக்கொள்வார். ஆகவே எல்லாரும் பார்க்க, மாற்றி மாற்றி அழுத்தினோம். ஏட்டுக்கு வியர்த்து ஊற்றியது.

அடுத்த உண்மை, அதற்கு முன்பே கொடுத்த தண்ணீர். நாங்கள் தொட்டாச்சிணுங்கி என்று கூப்பிடும் காவலன் ஒருவன் இருந்தான். கிடந்தவரின் தலையை மடியில் வைத்து டம்ளரால் புகட்டியது அவன்தான். படுத்திருப்பவருக்குத் தண்ணீர் புகட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். பயிற்சியில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் என் அறைக்கு வந்தான்.

"உங்களப் பத்திச் சொல்லப் போறேன் சார். அவரு நெஞ்சு மேல நீங்க முட்டி வச்சிருந்ததப் பாத்தேன்."

"சொல்லுப்பா, தாராளமா சொல்லு. முதல்ல உக்காரு." நாற்காலியை இழுத்துப் போட்டேன். "தண்ணி குடுத்தது யாரு?"

"நான்தான். நீங்கதானே கொண்டாரச் சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன். படுக்கவச்சு ஊத்தச் சொன்னேனா?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தலை எப்ப தொங்குச்சு?"

"மடியில... மடியில இருக்கறப்பதான் பாத்தேன்."

"யாரு மடியில?"

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இருக்கவில்லை. மனசாட்சிக்காரனை மிரட்ட வேண்டியதில்லை. கயிற்றைக் காட்டினால் போதும், கழுத்தை அவனே கொடுப்பான்.

விசாரிக்க வந்த மேலதிகாரி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னது நான்தான் என்று தயங்காமல் ஒத்துக்கொண்டதற்காக என்னைப் பாராட்டினார். மனிதாபிமானம் என்றார். கவனக்குறைவு என்று காவலனின் வேலை போனது. அவன் பூட்டுக்காரரின் வீட்டுக்கே போய், "என் கையாலதான் அக்கா" என்று அழுதிருக்கிறான். "அந்தக் கூட்டத்துலயே உன்ன ஒருத்தனத்தான் மனுஷன்னு நெனச்சேன்" என்று சொல்லி, அவர் மனைவி கதவைச் சாத்திவிட்டாராம். திருட்டு நடந்த வீட்டின் சாவி, வீட்டுக்காரரின் மச்சானிடம் இருந்தது பிறகு தெரியவந்தது. அதைக் கேட்டு ஸ்டேஷனே சிரித்தது.

அந்தக் காவலன் இப்போது யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள். சின்ன வயது, தேறிவிடுவான். அவனிடம் ஒன்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் யாரும் என்னை அதைக் கேட்கவில்லை. ஓடுகிற மோட்டாரின் மேல் கை வைத்திருக்கும்போது அது அணைந்தால் உள்ளங்கைக்குத் தெரியும் இல்லையா, அதேபோல முழங்காலுக்கு அடியில் ஒரு நெஞ்சு அடங்குவதும் தெளிவாகத் தெரியும். அது அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல், யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்துவிட்டுத்தான், தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.