டோரதி தேடிய இரண்டாவது பிழை

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, டயாலிசிஸ் மையத்தின் மேலாளர் அன்புக்கரசி அம்மா அவர்களே, மகளைப் பறிகொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிலுவையம்மாள் அம்மா அவர்களே, ராயபுரத்துப் பெரியோர்களே, என்னோடு வேலை செய்யும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் செங்குட்டுவன். கல்மண்டபத்தில் ஒரு மாடியில் இயங்கும் எங்கள் சின்ன கம்பெனியில், மூத்த புரோகிராமர் டோரதி அவர்களுக்கு அடுத்த மேசை என்னுடையது. போன வாரம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி மோதி அவர் இறந்துபோனார். அவர் மேசை கண்ணில் படாதபடி நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன்.

டோரதி யார்? சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இலவசமாக ரத்தம் சுத்திகரிக்கும் மையத்துக்கு, யார் எந்தத் தேதியில் வர வேண்டும் என்று முறை ஒதுக்கும் வெப்சைட்டை, இரண்டாயிரத்து ஐந்தில் எழுதிக் கொடுத்தவர். அந்த மையத்துக்கென்றே தனியாக எழுதிச் சேர்த்த மாட்யூல்கள், அதாவது ஒவ்வொரு வேலைக்குமான சின்னச் சின்ன புரோகிராம் துண்டுகள், அதில் பல உண்டு. அவற்றில் ஒன்றில்தான் பிழை இருந்தது.

ஒரு நாள், சிகிச்சைக்காக எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து வந்த அலி அக்பர் பாயை கவுண்டரில் நிறுத்தினார்கள். "இன்னாம்மா, தேதிய மாத்தி இன்னிக்கு வரச் சொன்னதே நீதானே? இப்ப பேரே இல்லேன்றே?" என்று கேட்டார். திரையில் அவர் பெயர் இல்லை. படுக்கையும் காலி இல்லை. மறுநாள் வரச் சொன்னார்கள். அவர் வரவில்லை. திருப்பி அனுப்பிய அன்றிரவே வீட்டில் இறந்துவிட்டிருந்தார்.

செய்தி கேட்டு நாங்கள் என்ன செய்தோம்? ஆளுக்கொரு மாட்யூலைத் திறந்து, சந்தேகப்பட்ட வரிகளையெல்லாம் மாற்றத் தொடங்கினோம். டோரதி தடுத்தார்.

"செங்குட்டுவா, கைய எடு. ரெண்டு எடத்துல ஒண்ணா மாத்துனா எது சரி பண்ணிச்சின்னு எப்டித் தெரியும்? மொதல்ல அந்தத் தப்பு நம்ம கண்ணு முன்னாடி இன்னொரு வாட்டி வரணும்."

மையத்துக்கே போய் கவுண்டரில் உட்கார்ந்தார். வெப்சைட்டின் நகல் ஒன்றில், கவுண்டர்களில் இருந்தவர்களை அன்று செய்ததை அப்படியே செய்யச் சொன்னார். பெயர் மறைந்தது. பிறகு மாட்யூல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். தேதி மாற்றும் மாட்யூலை நிறுத்தியதும் பெயர் நிலைத்தது. அது பழைய தேதியை முதலில் அழித்துவிட்டுத்தான் புதிய தேதியை எழுதப் போகும். அதற்குள் அடுத்த கவுண்டரில் அந்தப் புதிய தேதியின் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால்? எதையும் எழுதாது. யாருக்கும் சொல்லாது. நாங்கள் ஒரு வாரம் ஆகும் என்று நினைத்ததை அவர் மதியச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடித்தார்.

எங்களுக்குச் சந்தோஷம். அவருக்கு இல்லை. அலி அக்பர் வீட்டுக்குப் போய், "எங்க புரோகிராம்லதான் தப்பு" என்று அவர் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா, "இனிமே வேற யாருக்கும் இப்டி ஆவாதில்ல?" என்று மட்டும் கேட்டார். ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தார் டோரதி.

ஆனது. சில மாதங்களில் இன்னொருவர் பெயர் காணாமல் போனது. இது வேறு பிழை. எப்போதோ ஒருமுறை வரும், நாம் வரவழைத்தால் வராது. "வரவழைக்க முடியாத தப்ப சரி பண்ணிட்டேன்னு சொல்லவே கூடாது" என்பார். அதைத் தேடி மையத்துக்குப் போன வழியில்தான் அந்த லாரி வந்தது.

அவர் காட்டிய வழியிலேயே நாங்களும் தேடினோம். ஒவ்வொரு மாட்யூலாக நிறுத்தினோம். நிறுத்தும் முன்பும் பின்பும் பிழை வரவே இல்லை; எது காரணம் என்று எப்படிப் பிடிப்பது? டோரதி இல்லாமல் அதைக் கண்டுபிடிப்போமா? எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த மேடையில் நின்று பொய் சொல்ல என்னால் முடியாது.

நேற்று சிலுவையம்மாள் அம்மா, "நைனா, அது முட்ஞ்சிச்சா?" என்று என்னிடம் கேட்டார். வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். முடியவில்லை அம்மா. முடியுமா என்றும் தெரியவில்லை.

அன்புக்கரசி அம்மாவிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். கம்ப்யூட்டர் 'பெயர் இல்லை' என்று காட்டினாலும், வந்தவரை அனுப்பிவிடாதீர்கள். நாளை முதல் மையம் திறக்கும்போது எங்களில் ஒருவர் அங்கே இருப்பார். பிழையைத் தேடுவோம். பெயர் விட்டுப்போனவருக்காகப் பேசுவோம். படுக்கை காலி இல்லாத நாளில் நாங்கள் இருந்து என்ன ஆகப்போகிறது? தெரியவில்லை. ஆனாலும் இருப்போம்.