கோழிக்குப் போட்ட காப்ஸ்யூல்

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். கணவர் காலில் புதுக் கட்டு. வண்டி ஒரகடம் பக்கம் திரும்பியதும் அந்த அம்மாள் ஆரம்பித்தார்.

"டாக்டர் குடுத்த காப்ஸ்யூலைக் கோழிக்கா போட்ட? அவர் எதிர்ல என் மானமே போச்சு."

"ரெண்டு நாள்ல புண்ணு காஞ்சிடுச்சுமே. கோழி கழுத்தைத் தொங்கப் போட்டுக்கினு நின்னுச்சு. வீணாவுதேன்னு மிச்சத்தை அதுக்குக் குடுத்தேன்."

"இப்ப கோழி ஓடுது, நீ நொண்டுற. சீழ் வேற."

"அதே காப்ஸ்யூலைத்தானே மறுபடி கேட்டேன்? அது இனிமே உனக்கு வேலை செய்யாதுன்றாரு. ஏனாம்?"

"போன போகம் நெல்லுக்குப் பூச்சிமருந்தை அரைகுறையா அடிச்சுட்டு வந்தியே. நோஞ்சான் புழு செத்துச்சு. தப்பிச்ச முரட்டுப் புழு பெருகிக்கினு, இந்த வாட்டி முழு மருந்துக்கும் அசையல. உன் கால்ல கிருமியும் அப்படித்தான்யா மிஞ்சிக் கீதாம். இந்தப் புது மருந்தையும் பாதியில வுட்டா காலைக் காப்பாத்த முடியாதுன்னாரே, காதுல வுழுந்துச்சா?"

அவர் குனிந்து காலிலிருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"கோழி மறுபடி சுணங்கினா?"

"கோழி சுணங்கினா கொழம்பு வெப்பேன். உன்னை வெச்சுக்கினு இன்னா பண்றது? வாயைத் தொற."

மாத்திரையைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிச் சோதித்தார். டிக்கெட் கிழிக்க வந்த நடத்துநரும் குனிந்து பார்த்துவிட்டு, "உள்ள போயிடுச்சும்மா" என்றார்.