குசுகுசுக் கரை

ரயிலு வாரதுக்கெல்லாம் முந்தி, கொக்கிரான்பட்டியில ஒச்சாயி ஒச்சாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் விருமன் கண்டிச்சீமைக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், போனவன்தான். மூணு வருசமா கடுதாசியும் இல்ல, ஆளும் இல்ல. அங்கன ஒருத்திய சேத்துக்கிட்டான்னு ஊருக்குள்ள குசுகுசுன்னு ஒரு பேச்சு.

நேருக்கு நேரா ஒருத்தரும் சொல்லல. சொல்லியிருந்தா ஒருநா அழுது தீத்திருப்பா. குசுகுசுன்னா என்ன அர்த்தம்? உன்னப் பத்தித்தான் பேசுறோம், ஆனா உனக்குச் சொல்ல மாட்டோம்னு அர்த்தம். அது அவள ஒரு வாய் கஞ்சி நிம்மதியா குடிக்க விடலையாம். கிணத்தடியில ரெண்டு பேரு தலையச் சேத்தா, குடத்த வச்சிட்டு ஓடுவா. "என்னடி எம்புருசனப் பத்தி?" வெத்தல மெல்லுற கெழவி முணுமுணுத்தா, "என்னயவா சொல்றீக?" காத்துல பனையோல சரசரங்க, அதுக்கும் கல்லெடுத்து எறிஞ்சாளாம். ஊரே சிரிச்சுச்சு.

அந்த ஐப்பசியில மழைன்னா மழை. கண்மாய் ததும்பி நிக்குது. மழை வெறிச்ச ஒரு மத்தியானம், ஒச்சாயி கரைக்கு வெளிச்சரிவுல புல்லறுத்துக்கிட்டிருக்கா. குசுகுசு, குசுகுசு. திரும்பிப் பாக்குறா, ஆளக் காணோம்.

"எவடி அவ, முன்னால வந்து பேசுடி."

குசுகுசு, குசுகுசு. அருவாளோட கருவேல மரத்துக்குப் பின்னால போய்ப் பாத்தா, ஆளுமில்ல தேளுமில்ல. காலுக்கடியில மண்ணு பேசுதாம். சுண்டுவெரல் தண்டி ஓட்டையில தண்ணி வருது. தெளிஞ்ச தண்ணின்னா வெறும் கசிவு. இது மண்ணக் கரைச்சுக்கிட்டுக் கலங்கலா வருது. கரைய உள்ளுக்குள்ள தின்னுக்கிட்டு வருது. கரை போனா கீழ இருக்குற ஊரு போச்சு.

ஓடுறா. ஊர்சனம் கூடுற மந்தையில ஊர்ப் பெரியவரு அம்பலகாரரு இருக்காரு.

"ஐயா, கரை குசுகுசுங்குதுய்யா. கலங்கத் தண்ணி வருது."

"கரையும் உம்புருசனப் பத்தித்தான் பேசுதாக்கும்? போ தாயி, போயி கஞ்சியக் குடி."

மந்தையே சிரிச்சுச்சாம். கத்துனா, மாருல அடிச்சா, ஒருத்தன் எந்திரிக்கல.

ஒச்சாயி கத்துறத நிறுத்துனா. நேரா வெள்ளத்தாயி வீட்டுக்குப் போனா. விருமனப் பத்துன அந்தப் பேச்ச மொதமொதல்ல ஊருக்குள்ள விட்டவளே வெள்ளத்தாயிதான். அவ காதுல வாய வச்சு, குசுகுசுன்னு சொன்னாளாம்.

"மதினி, யாருகிட்டயும் சொல்லிராத. எம்புருசன் வந்துட்டான். கண்டிக்காரி ஒருத்தியும் கூட வந்திருக்கா. ஊருக்குள்ள வர வெக்கப்பட்டு, கரைக்குக் கீழ கருவேல மரத்தடியில நிக்கிறாக."

சொல்லையில நெஞ்சு வெந்துபோச்சாம் அவளுக்கு. எதச் சொல்லி ஊரு சிரிச்சுச்சோ, அதத் தன் வாயாலயே சொல்லிட்டாளே.

ஒல கொதிக்கல, அதுக்குள்ள மொத்த ஊரும் கரையடியில. அம்பலகாரருதான் முன்னால. புருசனக் காணோம், கண்டிக்காரியக் காணோம். கூட்டம் மூச்சடக்கி நிக்கையில மண்ணுக்குள்ள கேட்டுச்சாம், குசுகுசு, குசுகுசு. ஓட்டை அதுக்குள்ள கைத்தண்டி ஆயிருச்சு. பெறகு ஒருத்தரும் சிரிக்கல. கண்மாய்க்குள்ள முங்கி வைக்கோல்பிரி திணிச்சு, வெளிய மண்ணக் கொட்டி, பொழுது சாயறவரைக்கும் அடைச்சாக.

அதுலருந்து அது குசுகுசுக் கரை. இன்னைக்கும் அந்த ஊருல கரைக்கு மண்ணு போடத் தண்டோரா கெடையாது. ஐப்பசி மொத மழைக்கு ஒச்சாயி வகையறாவுல ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரி காதுல சொல்லுவா: "ஒச்சாயி புருசன் வந்துட்டானாம்." காது காதா அது ஊரச் சுத்தும். ஆளுக்கொரு கூடை மண்ணோட கரைக்கு வந்துருவாக.

அவன் வரவே இல்லையாம். சாகக் கெடந்த அன்னைக்கும் வெளிய யாரோ குசுகுசுக்க, ஒச்சாயி வாசலைத்தான் திரும்பிப் பாத்தாளாம்.