ஆணியில் மாட்டிய உரிமம்

காகிதம் கசங்கினால் எனக்குப் பிடிக்காது. ஐயா, நேற்று ஸ்டேஷனில் என் பையை நீங்கள் மேசையில் கொட்டியபோது எனக்கு இருந்த வருத்தம் அது ஒன்றுதான். ஒவ்வொரு கடைக்காரரின் தாளுக்கும் தனித்தனி உறை வைத்திருக்கிறேன். அதில் ஒன்று காலியாக இருந்ததைப் பார்த்து, யாருடையது என்று கேட்டீர்கள். எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன்.

என் பெயர் மகோமு. எம்பாலே நகரச் சந்தைக்குப் பின்னால் உள்ள தெருவில் சிறு கடைக்காரர்களுக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் வியாபார உரிமம் வாங்கிக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. பதினோரு வருடமாயிற்று. படிவம் நிரப்ப அவர்களுக்குத் தெரியாது. வரிசையில் நிற்க நேரமும் கிடையாது. அவர்களுக்காக நான் நிற்பேன்.

இன்னொரு வேலையும் உண்டு. வருடத் தொடக்கத்தில், மார்ச் வரைக்கும், வாரம் ஒருமுறை பரிசோதகர்கள் உரிமம் பார்க்கத் தெருவுக்கு வருவார்கள். வரும் நாள் எனக்கு முந்தியே தெரிந்துவிடும். உரிமம் கைக்கு வராதவர்கள் கடைக்குள்ளேயே இருந்துகொள்வார்கள். நான் ஷட்டரை இறக்கி வெளியே பூட்டுப் போடுவேன். பூட்டிய கடையைப் பரிசோதகர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் போனதும் மூன்று முறை தட்டிவிட்டுத் திறப்பேன். அதுவரை உள்ளே இருமல்கூடக் கேட்கக் கூடாது. இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் பழகிப்போனது.

காலி உறை நம்போசோ அக்காவுடையது. அவரும் தங்கை கைன்சாவும் பள்ளிச் சீருடை தைத்தார்கள். உரிமத்துக்கு டிசம்பரிலேயே என்னிடம் பணம் கட்டிவிட்டார். அதை மாட்டுவதற்குக் கண்ணாடிச் சட்டம் வாங்கி, தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஆணியும் அடித்து வைத்திருந்தார். பார்க்கும்போதெல்லாம் வந்துவிட்டதா என்று கேட்பார். ஆபீஸில் இழுக்கிறார்கள் என்று சொல்வேன்.

அன்று திங்கட்கிழமை. அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது. கரண்ட் இல்லாததால் வாசலில் கரி அடுப்பை மூட்டி, இஸ்திரிப் பெட்டியில் கங்கு போட்டுச் சீருடைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பரிசோதகர் தெருமுனைக்கு வந்துவிட்டார் என்று போய்ச் சொன்னேன். அடுப்பையும் பெட்டியையும் நான்தான் உள்ளே தூக்கி வைத்தேன். வாசலில் கங்கு கிடந்தால் ஆள் இருப்பது தெரிந்துவிடும். அந்தக் கடைக்கு ஜன்னல் இல்லை.

ஷட்டர் பாதி இறங்கியபோது கைன்சா குனிந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணே, கோழியை அடைக்கிற மாதிரி அடைச்சுட்டுப் போறீங்க. சீக்கிரம் வந்துருங்க. எவ்வளவு நேரம் வச்சிருந்தாலும் முட்டை ஒண்ணும் போட மாட்டோம்."

நானும் சிரித்தேன். பூட்டினேன். மணி பத்தே கால் இருக்கும்.

பரிசோதகர் வெபுக்குலு வழக்கமாகக் கால் மணி நேரத்தில் தெருவை முடித்துவிடுவார். அன்று வெயில் அதிகம். எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முட்டை வைத்துச் சுருட்டிய சப்பாத்தி சொன்னார். என்னையும் உட்காரச் சொன்னார். எழுந்து போனால் மரியாதையாக இருக்காது. தன் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருப்பதைச் சொன்னார், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசமாக எத்தனை மாடு தருவதாகச் சொல்கிறார்கள் என்பதையும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரை வாக்கில் உள்ளே இருந்து ஷட்டரில் தட்டும் சத்தம் கேட்டது. பலமாக இல்லை. விரல் முட்டியால் தட்டுவது போல இருந்தது.

"உள்ளே ஏதோ தட்டுதே" என்றார்.

"எலிங்க ஐயா. துணி இருக்கிற இடத்துல எலிக்குக் கேக்கணுமா?"

"கடைக்காரங்க எங்கே?"

"துக்கத்துக்கு ஊருக்குப் போயிருக்காங்க."

அவர் கையிலிருந்த பட்டியலை விரலால் தடவிப் பார்த்தார். "நம்போசோ கடைதானே? இவங்க பேருக்குத்தான் உரிமம் குடுத்தாச்சே. போன மாசம் நீதானே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனே?"

ஆமாம் என்றேன்.

ஐயா, அது உண்மை. ஜனவரி ஒன்பதாம் தேதியே வாங்கிவிட்டேன். என் மடியில் இருந்த பையில், உறைக்குள் இருந்தது. தாள் கைக்கு வந்துவிட்டால் கடைக்காரர்கள் அதை வாங்கித் தந்தவனை மறந்துவிடுவார்கள். வராதவரைதான் 'மகோமு அண்ணே' என்று டீ வாங்கித் தருவார்கள், வாரம் தவறாமல் கடையைப் பூட்டித் திறப்பதற்குக் கூலியும் தருவார்கள். மார்ச் வரைக்கும்தான் வைத்துக்கொள்வேன். எல்லோருக்கும் அப்படித்தான் செய்தேன், அக்காவுக்கு மட்டும் இல்லை.

அப்போது ஷட்டரைத் தூக்கியிருந்தால் வெபுக்குலு ஒன்றும் செய்திருக்க மாட்டார். அபராதம் கிடையாது. கடைக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அக்கா வெளியே வந்திருப்பார், வெபுக்குலு உரிமத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார், அக்கா என்னைத் திரும்பிப் பார்த்திருப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

இரண்டாவது முறை தட்டும் சத்தம் இன்னும் மெதுவாகக் கேட்டது. நான் அவருக்கு இன்னொரு டீ சொன்னேன்.

அவர் எழுந்து போகும்போது மணி பன்னிரண்டரை. நான் மூன்று முறை தட்டினேன். அந்த ஒழுங்கை நான் என்றும் மீறியதில்லை. பிறகு திறந்தேன். உள்ளே தேங்கியிருந்த கரி நெடி முகத்தில் அடித்தது. அக்கா மெஷின்மேல் தலை சாய்த்திருந்தார். கைன்சா ஷட்டருக்குப் பக்கத்திலேயே தரையில் கிடந்தாள். அடுப்பில் கங்கு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை.

சுவரில் உரிமம் ஒழுங்காக மாட்டியிருந்த கடையை எதற்காக வெளியே பூட்டினார்கள் என்று நீங்கள் மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். பூட்டும்போது அது சுவரில் இல்லை. திறந்த பிறகு நான்தான் உறையிலிருந்து எடுத்து, அக்கா வாங்கி வைத்திருந்த சட்டத்தில் போட்டு, அந்த ஆணியில் மாட்டினேன். உரிமம் இல்லாமல் கடை நடத்தினார்கள் என்று செத்தவர்களை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். அதில் ஒரு மடிப்புகூட இல்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மாட்டிவிட்டுத் திரும்பியபோது கைன்சாவின் விரல்கள் அசைந்தன. பார்த்தேன். சட்டம் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதை நேராக்கிவிட்டுத்தான் வெளியே வந்து ஆள் கூப்பிட்டேன்.