ருக்குமணியோட பெட்டி

ரெண்டு செஸ் கம்ப்யூட்டர மோத விட்டுப் பாக்கணும்னா நடுவுல ஆள் வேணும் சார். அதுங்களுக்குக் கண்ணும் கிடையாது, கையும் கிடையாது. ஒரு பெட்டி சிவப்பு லைட்டுல காட்டுற மூவ நாமதான் அடுத்த பெட்டியில அமுக்கணும். ஒரே ஆளு ரெண்டையும் பாத்தா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். அதனாலதான் எம்பொண்டாட்டி ருக்குமணிய எதிர்ல உக்கார வெச்சேன்.

நான் ஃபேக்டரியில டெஸ்டிங் செக்‌ஷன். பழைய பெட்டியா தேடித் தேடி வாங்குவேன். ருக்குமணிக்கு செஸ் தெரியாது, ஆனா ஒரு தப்பு விடமாட்டா. அமுக்கினதும் "போட்டாச்சு"ம்பா. மத்தவங்க ஞாயித்துக்கிழமை கர்னி டிரைவு கடற்கரைக்குக் காத்து வாங்கப் போவாங்க, நாங்க இப்படி. அவ மேல எனக்கு ரொம்பப் பாசம் சார், யார வேணும்னாலும் கேளுங்க.

பாயான் பாரு ஏரியாவுல எங்களுக்கு மாடியில ஒத்த ரூம். சுவத்துல ரெண்டு ஒயர் மட்டும் மாட்டுற மாதிரி ஒரே பிளக். ரெண்டு பெட்டியோட ஒயரும் அதுலதான். அவளுக்கு வீசிங் உண்டு. மருந்துப் புகை குடுக்கிற மெஷின போடணும்னா பெட்டி ஒண்ணக் கழட்டணும்.

இந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவ பெட்டி என்னோடத நல்லா நெருக்கிக்கிட்டு இருந்துச்சு. அப்பதான் அவளுக்கு இழுக்க ஆரம்பிச்சது.

"இங்க பாருங்க, முடியலலா. உங்க ஒயர கழட்டிட்டு மெஷின போடுங்க."

"கொஞ்சம் பொறுலா. பெட்டி யோசிக்குது."

பிளக் என் நாற்காலிக்குப் பின்னால இருந்துச்சு. அவளே எந்திரிச்சு வந்தா. உக்காருன்னேன். உக்காந்தா. நான் சொன்னா கேப்பா.

கத்தியிருந்தா எந்திரிச்சிருப்பேன். அவ கத்தல. உதடு நீலம் பூத்துப்போச்சு, அப்பவும் அமுக்கிக்கிட்டுதான் இருந்தா. வாயால சொல்ல மூச்சு இல்ல, தலைய மட்டும் ஆட்டினா. அப்புறம் ஒரு தடவ ஆட்டல. நானே எட்டி அவளுக்காக அமுக்கினேன். சரியாத்தான் அமுக்கினேன்.

கீழ் வீட்டு ஹபீபா பீவி அக்கா மீன் கறி கொண்டு வந்தாங்க. "யா அல்லா, என்னா தம்பி, தங்கச்சி ஏன் இப்படி சாஞ்சு கிடக்கு?"ன்னு கேட்டாங்க. "ஆட்டம் முடியட்டும் அக்கா, சொல்றேன்"ன்னேன். அவங்க கறிய கீழ போட்டுட்டு ஓடினாங்க. நீங்க வர்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடுச்சு.

இந்த லாக்கப்புல கண்ண மூடினா "போட்டாச்சு"ன்னு கேக்குது சார். திரும்பத் திரும்ப அது ஒண்ணுதான். அமுக்கிறதுக்கு இங்க பெட்டி இல்லையே புள்ளன்னு சொல்லிப் பாத்துட்டேன். நிக்க மாட்டேங்குது.

உங்க ஆளு என் பெட்டியத் திருப்பிப் பாத்தாரு, அடியில பேட்டரி இருந்துச்சு. ஆமா, நான் போட்டதுதான். ஒயர கழட்டினாலும் ஆட்டம் நின்னிருக்காது. அது அப்பவே எனக்குத் தெரியும். ஆனா அவளோடது கரண்டுல, என்னோடது பேட்டரியில ஓடினா அது சரியான டெஸ்ட்டா, நீங்களே சொல்லுங்க.

கடைசியில அவ பெட்டிதான் ஜெயிச்சுது. ருக்குமணிக்கு நான் ஒரு நாளும் ஓரவஞ்சனை பண்ணதில்ல சார்.